நடந்து செல்லும் செல்கள்

சித்திரைப் பௌர்ணமிக்கு மறுநாள் காலை அம்மா கூடத்தில் நின்றுகொண்டு, "யாருடா தரையெல்லாம் குங்குமத்தைக் கொட்டினது?" என்று சத்தம் போட்டாள்.

கொட்டினமாதிரி இல்லை. பொட்டுப் பொட்டாக, ஒன்றரை முழத்துக்கு ஒன்று வீதம், கட்டிலில் ஆரம்பித்து பாத்ரூம் வரை வரிசையாகப் போயிருந்தது. குங்குமத்துக்குக் கால் கிடையாது. அப்பாவுக்கு உண்டு.

வலது காலைத் தூக்கச் சொல்லிப் பார்த்தேன. கட்டைவிரலுக்குக் கீழே ஐம்பது பைசா அளவுக்கு ஒரு கொப்புளம் உடைந்து, உள்ளே சிவப்பாக இருந்தது. "வலிக்கலையாப்பா?" என்றேன். "எது?" என்றார்.

எங்கள் ஊர் திருவண்ணாமலை. இங்கே பௌர்ணமிக்கு மலை சுற்றுவது என்பது உங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை மட்டன் எடுப்பது மாதிரி. யோசித்துச் செய்கிற காரியம் இல்லை. 14 கிலோமீட்டர், எட்டு லிங்கம், வெறுங்கால். அப்பா இருபது வருஷமாக விட்டதில்லை. சர்க்கரையும் அவரைப் பதினைந்து வருஷமாக விட்டதில்லை. ராத்திரியில் கூட்டம் நெரியும் என்று இந்த முறை மத்தியானம் மூன்று மணிக்கே கிளம்பிவிட்டார். சித்திரை மாசம், மூன்று மணி, தார் ரோடு. அக்னி லிங்கத்துக்குத் தனியாக ஒரு கோயில் தேவையே இல்லை. ரோடு முழுக்க அவர்தான்.

"சுடலையாப்பா?"

"இல்லடா. பஞ்சு மெத்தை மேல நடக்கிற மாதிரி மெத்துமெத்துன்னு இருந்துது. அண்ணாமலையார் அருள்னு நெனச்சுக்கிட்டேன்."

டாக்டரிடம் போய் இதையே சொன்னார். டாக்டர் சிரிக்கவில்லை. "அது அருள் இல்ல சார், நரம்பு. சர்க்கரையில பாதத்து நரம்பு செத்துப்போச்சுன்னா மொதல்ல பஞ்சு மேல நடக்கிற மாதிரிதான் இருக்கும். அப்புறம் எதுவுமே தெரியாது" என்றார். புண்ணைச் சுற்றித் தடித்துக் கிடந்த காய்ப்பை பிளேடால் சீவி எடுத்தார். அப்பா அதைத் தன் காலே இல்லை என்பதுபோல வேடிக்கை பார்த்தார். எனக்குத்தான் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

கிளம்பும்போது டாக்டர் ஒன்று சொன்னார். "ஓரத்துல இருக்கிற தோல் நடந்து வந்து இதை மூடணும். அது நடக்கணும்னா நீங்க நடக்கக் கூடாது."

ஆட்டோவில் அப்பா கேட்டார்: "ஏண்டா, தோல் நடக்குமா?"

நான் பி.காம். என்னைக் கேட்டால் தேய்மானம் எவ்வளவு சதவிகிதம் போடலாம் என்று சொல்வேன். தோல் நடப்பதைப் பற்றி எங்கள் சிலபஸில் இல்லை. நல்லவேளையாக, சென்னையில் பயோடெக்னாலஜி படிக்கும் அக்கா மகள் அந்த வாரம் தாத்தாவைப் பார்க்க வந்திருந்தாள்.

"நடக்கும் மாமா. தோல்ல இருக்கிற செல் நடக்கும்."

"செல்லுன்னா..."

"பாக்கெட்ல இருக்கிறது இல்ல."

அது தெரியும். ஆனாலும் தமிழில் 'செல்' என்றால் 'போ' என்றும் ஒரு அர்த்தம் உண்டு. பெயர் வைத்தவன் வெள்ளைக்காரன் என்றாலும் நமக்குப் பொருத்தமாகத்தான் வாய்த்திருக்கிறது.

உடம்பில் புண் வந்தால் ஓரத்தில் இருக்கிற செல்கள் காலியிடத்தைப் பார்த்து ஊர ஆரம்பிக்கின்றன. 'பார்த்து' என்று பேச்சுக்குச் சொல்கிறேன். அவற்றுக்குக் கண் கிடையாது. காது, மூக்கு, வழி சொல்ல டிராபிக் போலீஸ், எதுவும் கிடையாது. அப்படியானால் எந்தப் பக்கம் போவது என்று எப்படித் தெரியும்? சில ரசாயனங்களின் வாசனையைப் பிடித்துக்கொண்டு போகின்றன என்பது பழைய விஷயம். அதோடு இன்னொன்றும் உண்டு என்றாள். தரை. காலடியில் இருக்கிற தரை கெட்டியா, கொழகொழவா என்று செல் தொட்டுப் பார்க்கிறது. தொட்டு என்றால் சும்மா இல்லை. பிடித்து இழுத்துப் பார்க்கிறது.

"எப்படி இழுக்கும்? அதுக்குக் கையா இருக்கு?"

"இருக்குன்னு வெச்சுக்க மாமா. முன்பக்கம் ஒரு மடிப்பை நீட்டும். அதுல கொக்கி மாதிரி சில புரதம் இருக்கு. தரையைப் பிடிச்சுக்கும். உள்ளே உன் புஜத்துல இருக்கிற அதே ஆக்டின், மயோசின் சமாசாரம்தான். அது சுருங்கும். இழுபடும். பின்பக்கத்துக் கொக்கியை விட்டுடும். அவ்ளோதான், ஒரு அடி."

என் புஜத்தில் அதெல்லாம் இருக்கிறது என்பதே எனக்குச் செய்தி.

செல் இழுக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கிற மாதிரி காட்டியவர் ஆல்பர்ட் ஹாரிஸ். அமெரிக்காக்காரர். 1980-ல் அவரும் கூட்டாளிகளும் மிக மெல்லிய சிலிக்கான் ரப்பர் ஏட்டின் மேல் செல்களை விட்டார்கள். அவை ஊர ஊர, கீழே இருந்த ரப்பர் சுருக்கம் சுருக்கமாக மடிந்தது. குழந்தை தவழ்ந்தால் பாய்விரிப்பு சுருண்டு வருமே, அப்படி. அதுவரை கண்ணாடித் தட்டில் வைத்துப் பார்த்ததால் இந்த இழுப்பு யார் கண்ணிலும் படவில்லை. சிமெண்ட் தரை சுருங்குமா?

அடுத்த கேள்வி: தரை ஒரு பக்கம் மெத்தென்றும் மறு பக்கம் கெட்டியாகவும் இருந்தால் செல் எங்கே போகும்? 2000-ம் வருஷம் யூ-லி வாங் என்பவரின் குழு மாசசூசெட்ஸில் இதைச் செய்து பார்த்தது. ஜெல்லி மாதிரி ஒரு பொருள். ஒரே தட்டில் பாதி இளகல், பாதி கெட்டி. நடுவில் ஒரு எல்லை. இளகலான பக்கத்திலிருந்து வந்த செல், எல்லையைத் தாண்டி ஜோராகக் கெட்டியான பக்கம் போய்விட்டது. கெட்டியான பக்கத்திலிருந்து வந்த செல் எல்லைக்கு வந்ததும், சேற்றில் கால் வைத்த மாப்பிள்ளை மாதிரி, காலை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டது. இதற்கு டியூரோடாக்ஸிஸ் என்று பெயர் வைத்தார்கள். லத்தீனில் 'டியூரஸ்' என்றால் கடினம்.

இன்னொரு குறும்பும் செய்தார்கள். நுண்ணிய ஊசியால் செல்லுக்கு முன்னால் ஜெல்லியைக் குத்தி, செல்லை விட்டு விலகுகிற மாதிரி இழுத்தார்கள். செல் ஊசியை நோக்கித் திரும்பி வந்தது. அதே ஜெல்லியைச் செல்லை நோக்கித் தள்ளினார்கள். செல் பின்வாங்கியது. ஊசியை அது தொடவே இல்லை. தரையின் விறைப்பு மாறியதைத்தான் உணர்ந்திருக்கிறது.

"ஏன் கெட்டியான பக்கமே போவுது?" இது அப்பா. கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்தபடி கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

அக்கா மகள் கொஞ்சம் யோசித்தாள். "தாத்தா, ரெண்டு கையிலயும் ரெண்டு கயிறு. ஒண்ணை வேப்பமரத்துல கட்டியிருக்கு. இன்னொண்ணு கன்னுக்குட்டி கழுத்துல. ரெண்டையும் இழுக்கறீங்க. என்ன ஆகும்?"

"கன்னுக்குட்டி எங்கிட்ட வரும். நான் மரத்துக்கிட்ட போவேன்."

"அவ்ளோதான் தாத்தா."

நான் பன்னிரண்டு பக்கம் படித்தும் புரியாததை அப்பா ஒரு கன்றுக்குட்டியில் முடித்துவிட்டார்.

கெட்டியான தரை இழுப்புக்கு எதிர்த்து நிற்கிறது. அங்கே பிடி உறுதியாகிறது. இளகலான தரை கூடவே வந்துவிடுகிறது, பிடி நழுவுகிறது. இதனால் செல்லின் சுபாவமே மாறுகிறது. 1997-ல் வந்த ஒரு ஆராய்ச்சியில், இளகலான ஜெல்லியில் விடப்பட்ட செல்கள் சரியாகக் காலை ஊன்ற முடியாமல் அலைந்தன. கெட்டியான தரையில் நன்றாகப் பரந்து உட்கார்ந்தன. நிரந்தர வேலை கிடைத்தவனுக்கும் டெம்பரரிக்கும் உள்ள வித்தியாசம். ரொம்ப கெட்டியாக இருந்தாலும் சில வகைச் செல்களுக்குப் பிடி அழுத்தமாக விழுந்து வேகம் குறைந்துவிடுகிறது. நடப்பதற்கென்று நடுவாந்தரமாக ஒரு கெட்டித்தனம் வேண்டியிருக்கிறது.

தரை விவகாரம் நடையோடு முடியவில்லை. 2006-ல் பென்சில்வேனியாவில் நால்வர் குழு ஒன்று ஸ்டெம் செல்களை மூன்று தரைகளில் வளர்த்தது. மூளை மாதிரி இளகல், தசை மாதிரி நடுத்தரம், எலும்பாகப் போகிற திசு மாதிரி விறைப்பு. ஸ்டெம் செல் என்பது இன்னும் என்ன ஆவது என்று முடிவு செய்யாத வாலிபன். (நம் வாசகர்களில் பலர்.) இளகலில் இருந்தது நரம்பின் சாயலுக்கும், நடுத்தரத்தில் இருந்தது தசையின் சாயலுக்கும், விறைப்பில் இருந்தது எலும்பின் சாயலுக்கும் போனது. சேர்க்கை எப்படியோ அப்படித்தான் பிள்ளை என்று அம்மா சொல்வது வீண் போகவில்லை. அந்த நால்வரில் ஒருவர் ஷாமிக் சென். பின்னர் மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் ஆனவர்.

எல்லாச் செல்லும் கெட்டியைத் தேடிப் போகும் என்று நினைத்துவிடாதீர்கள். மூளைப் புற்றுநோய்ச் செல்களில் ஒரு வகை இளகலான பக்கம் நோக்கிப் போவதை 2022-ல் கண்டுபிடித்தார்கள். எல்லா ஆபீஸிலும் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் போகிற ஒருவர் இருப்பார்தானே.

எனக்குப் பிடித்த ஆராய்ச்சி வேறு. பார்சிலோனாவில் 2016-ல் செய்தது. அவர்கள் எடுத்துக்கொண்ட செல்களைத் தனித்தனியே விட்டால் கெட்டி, இளகல் வித்தியாசமே தெரியாமல் விழித்தன. கூட்டமாக, கைகோத்த மாதிரி விட்டால், கூட்டம் மொத்தமும் கெட்டியான பக்கம் நகர்ந்தது. ஒற்றைச் செல் ரொம்பச் சின்னது. அதன் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் தரையில் பெரிய வித்தியாசம் இருக்காது. கூட்டத்துக்கோ ஒரு ஓரம் இளகலில், மறு ஓரம் கெட்டியில். இழுபறியில் கெட்டியான ஓரம் ஜெயிக்கிறது. மற்றவை பின்னாலேயே போகின்றன.

இதைக் கேட்டதும் அப்பா, "பௌர்ணமிக்கு நம்ம ஊரு மாதிரிதான்" என்றார். சரிதான். எட்டு லிங்கமும் எந்தத் திசையில் என்று தெரியாமலே லட்சக்கணக்கான பேர் சரியாகச் சுற்றிவிட்டு ராஜகோபுரத்துக்கே வந்து சேருகிறார்களே.

ஆனால் இதெல்லாம் தட்டில் நடந்தது. உயிருள்ள உடம்பில்? 2021-ல் லண்டனில் தவளைக் கருவில் பார்த்திருக்கிறார்கள். ஒரு செல் கூட்டம் பக்கத்துத் திசுவைத் தொடுகிறது. தொட்ட இடம் இளகுகிறது. தூரத்தில் இருப்பது கெட்டியாகவே இருக்கிறது. கூட்டம் அந்தக் கெட்டியை நோக்கி நகர்கிறது. போகிற வழியைத் தானே போட்டுக்கொண்டு போகிறது. நம் நகராட்சி கவனிக்கவேண்டிய தவளை.

இனி அப்பாவின் கால். புண் என்பது குழி. குழியில் செல் நடக்க முதலில் தரை போட வேண்டும். அதற்கென்று ஒரு வகைச் செல்கள் வந்து கொலாஜன் என்கிற நாரை இழுத்து இழுத்துப் பரப்புகின்றன. கொத்தனார் வேலை. அப்புறம்தான் ஓரத்துத் தோல் செல்கள் அதன்மேல் ஊர்ந்து வந்து மூடுகின்றன.

கொலாஜன் என்றதும் நாம் கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். அது எப்படிப் பின்னப்பட்டிருக்கிறது என்று கண்டுபிடித்தது நம் சென்னையில். ஜி.என். ராமச்சந்திரன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பேராசிரியர். அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954-ல் 'நேச்சர்' பத்திரிகையில் எழுதினார்கள்: கொலாஜன் மூன்று புரிகள் சேர்த்து முறுக்கிய கயிறு. ஆராய்ச்சிக்கு அவர்கள் பயன்படுத்திய கொலாஜன் கங்காருவின் வால் தசைநாணிலிருந்து எடுத்தது. ஆஸ்திரேலியாக் கங்காரு கிண்டிக்கு வந்து, நம் தோலுக்குத் தரை எப்படிப் போட்டிருக்கிறது என்று காட்டிக்கொடுத்தது. பின்னாளில் அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தில், தீப்புண்ணின் மேல் போடுகிற கொலாஜன் ஏடுகளையே உருவாக்கினார்கள். செருப்புக்குத் தோல் பதனிடக் கற்றுக்கொடுத்த இடம், மனுஷத் தோலுக்கும் கைகொடுத்திருக்கிறது.

சர்க்கரைக்காரர்களுக்கு இந்தத் தரையிலேயே ஒரு வில்லங்கம். ரத்தத்தில் வருஷக்கணக்காக மிதக்கும் அதிகச் சர்க்கரை, கொலாஜன் நார்களில் ஒட்டிக்கொண்டு, ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. கயிறு கம்பி ஆகிறது. பாதத்துத் தோல் விறைக்கிறது. புண் ஆறத் தாமதமாவதற்கு ரத்த ஓட்டக் குறைவும் கிருமியும்தான் பெரிய காரணங்கள். ஆனால் செல் நடக்கும் தரை கெட்டுப்போவதும் கணக்கில் ஒரு வரி.

கணக்கு என்றதும் கை சும்மா இருக்குமா? தட்டில் ஒரு செல் மணிக்குச் சுமார் 30 மைக்ரான் ஊரும் என்றாள் அக்கா மகள். ஒரு தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லை. அப்பாவின் புண்ணில் ஓரத்திலிருந்து நடு வரை ஒரு சென்டிமீட்டர். அதாவது 10,000 மைக்ரான். நிற்காமல் நடந்தால் 333 மணி நேரம். கிட்டத்தட்ட 14 நாள்.

மனுஷனுக்கு 14 கிலோமீட்டர். செல்லுக்கு 14 நாள். அதுவும் சாப்பாட்டுக்கோ சுக்குக் காபிக்கோ நிற்காமல், தரை தயாராக இருந்து, நடுவில் யாரும் மிதிக்காமல் இருந்தால். ஒரு தரம் அப்பா அந்தக் காலை ஊன்றினால், அறுபத்தைந்து கிலோ எடை அந்தச் சின்ன ரோட்டின் மேல் இறங்குகிறது. போட்ட தரை கிழிகிறது. கொத்தனார்களுக்கு மறுபடி முதலிலிருந்து வேலை.

"நீங்க நடக்கக் கூடாது" என்று டாக்டர் சொன்னதற்கு அர்த்தம் அன்றைக்குத்தான் புரிந்தது.

இதையே எழுபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஒருவர், எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் இரண்டரை மணி நேரத் தூரத்தில், தலைதலையாக அடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். பால் பிராண்ட். 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர். தொழுநோயாளிகளின் கால் விரல்கள் நோயால் அழுகி விழுகின்றன என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலம். அவர் கூர்ந்து பார்த்துச் சொன்னார்: அழுகவில்லை, வலி தெரியாததால், அடிபட்ட இடத்திலேயே திரும்பத் திரும்ப அழுத்தி நடந்து, கெடுத்துக்கொள்கிறார்கள். வலி ஒரு வரம் என்றார். புண்ணுக்கு மாவுக்கட்டுப் போட்டு அழுத்தத்தைப் பரப்பினார். காலுக்கு மெத்தென்ற மைக்ரோசெல்லுலர் ரப்பரில் செருப்பு செய்ய வைத்தார். இன்றைக்கு சர்க்கரைக்காரர்களுக்கு எழுதிக்கொடுக்கிற எம்.சி.ஆர். செருப்பு, அந்த வழியில் வந்ததுதான்.

அந்தச் செருப்பை வாங்கிக்கொண்டு வந்தேன். நீல நிறம். அப்பா பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "செருப்புப் போட்டுக்கிட்டு மலை சுத்தறதா? அதுக்கு நான் வீட்டுலயே இருப்பேன்."

நான் வாதாடவில்லை. எங்கள் வீட்டில் வாதாடி ஜெயித்தவர் கிடையாது. அக்கா மகள்தான் ஊருக்குக் கிளம்பும்போது சொன்னாள்: "தாத்தா, உங்க காலுக்குத் தரை தெரியலை. உங்க செல்லுக்குத் தெரியுது. அதுங்க ராப்பகலா தொட்டுத் தொட்டுப் பார்த்து நடந்துட்டிருக்கு. நீங்க மிதிச்சுடாதீங்க."

அப்பா பதில் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி பாத்ரூம் போக எழுந்தவர், ஊன்றுகோலைத் தேடியதை நான் பார்த்தேன்.

வைகாசிப் பௌர்ணமிக்குத் திண்ணையில் உட்கார்ந்தே கோபுரத்தைக் கும்பிட்டார். ஏழு வாரம் ஆனது. 14 நாள் என்ற என் கணக்கு தட்டுக்குத்தான் பொருந்தும்; அப்பா தட்டு இல்லை. ஒரு நாள் கட்டுப் பிரித்தபோது, குழி இருந்த இடத்தில் ரோஜா நிறத்தில் புதுத் தோல். டாக்டர் அதைத் தொட்டுப் பார்த்து, "வந்து சேர்ந்துட்டாங்க" என்றார்.

ஆடியில், பௌர்ணமிக்கு இரண்டு நாள் கழித்து, கூட்டம் வடிந்த பிறகு கூட்டிப்போனேன். டாக்டர் உத்தரவு: கொஞ்சம் நடை, மிச்சம் ஆட்டோ, செருப்பு கட்டாயம். எட்டு லிங்கத்தையும் வெளியிலேயே நின்று கும்பிட்டார். அக்னி லிங்கத்தின் எதிரில் மட்டும் குனிந்து, தார் ரோட்டைக் கையால் தொட்டுப் பார்த்தார்.

"சுடுதுடா" என்றார், ஏதோ புதிதாகக் கண்டுபிடித்தவர் மாதிரி.

உங்கள் வீட்டிலும் சர்க்கரையோடு ஒரு அப்பாவோ அம்மாவோ இருக்கலாம். இன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். "வலிக்குதா?" என்று கேட்காதீர்கள். காலைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள். குனிய முடியாதவர்களுக்கு ஒரு கைக்கண்ணாடி போதும்.

எங்கள் வீட்டில் அம்மா பொட்டு வைக்கிற கண்ணாடிதான் அந்த வேலைக்கு. தினமும் ஒன்பது மணிக்கு அதைப் பாதத்துக்குக் கீழே பிடிக்கிறாள். அப்பா எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்:

"நாப்பது வருஷமா உன் மூஞ்சியைக் காட்டினப்பகூட இந்தக் கண்ணாடியை நீ இவ்ளோ நேரம் பார்த்தது இல்லடி."